தார்ப்பாய்க்குக் கீழே பெய்த மழை

மேற்கே மலை தெரியும் ஓர் ஊரில் ஒரு கிரிக்கெட் மைதானம் இருந்தது. ஆட வருகிறவர்கள் ஆடிவிட்டுப் போய்விடுவார்கள். பார்க்க வருகிறவர்கள் தொண்டை கட்டக் கத்திவிட்டுப் போய்விடுவார்கள். போகாமல் அங்கேயே கிடப்பவை நடுவிலிருக்கும் ஆடுகளமும், ஓரத்தில் நிற்கும் இரும்பு ரோலரும், எல்லைக் கயிற்றுக்கு அப்பால் சுருட்டி வைத்த பெரிய நீலத் தார்ப்பாயும்தான். இவற்றைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொம்பையாவுக்கும் பிரம்மசக்திக்கும். டிவியில் அவர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். மழை வந்தால் ஓடி வருவார்களே, அவர்கள்தான். அந்த நேரத்தில் நீங்கள் எழுந்து காபி போடப் போயிருப்பீர்கள், அது வேறு விஷயம்.

அந்த வருஷம் ஆடுகளம் புதிது. குளத்துக் களிமண்ணைக் கொண்டுவந்து கொட்டி, தண்ணீர் விட்டு, உருட்டி, மறுபடி தண்ணீர் விட்டு, மறுபடி உருட்டிப் போட்டது. அதன் மேல் இன்னும் ஒரு பந்துகூட விழவில்லை. முதல் ஆட்டம் மறுநாள் மதியம். பெரிய அணிகள் இரண்டு வருகின்றன. ஆடுகளம் ஈரமாக இருந்தால் நடுவர்கள் ஆட்டத்தை ரத்து செய்துவிடுவார்கள். அதன் பிறகு இந்த மைதானத்துக்கு ஆட்டமே தரமாட்டார்கள். ஆடுகளத்தையும் உதவாது என்று கொத்திப் போட்டுவிடுவார்கள். கொம்பையாவுக்கு இது தெரியும். நாலைந்து நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆடுகளத்துக்கும் தெரியும். ரோலர் சொல்லியிருந்தது. ரோலருக்கு எதையும் மெதுவாகச் சொல்ல வராது.

மாலையில் மலைப்பக்கம் இடி உருண்டது.

"எனக்குப் பயமாக இருக்கிறது" என்றது ஆடுகளம்.

"மழைக்கா?" என்று கேட்டது தார்ப்பாய்.

"மழைக்கும்தான், நாளைக்கும்தான். பந்து கல்லு மாதிரி இருக்குமாம். ஆணி வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு ஓடி வந்து மிதிப்பார்களாம்."

"யார் சொன்னது, ரோலரா? அதற்கு வேறு வேலை இல்லை. நான் இருக்கிற வரைக்கும் உன் மேல் ஒரு சொட்டு படாது. போதுமா?"

பேச்சு முடியவில்லை, முதல் துளிகள் விழுந்தன. சேலைக்கு மேல் போட்ட சட்டையோடு பிரம்மசக்தி ஓடி வந்தாள். கொம்பையாவும் உதவிக்கு இருந்த கூலியாட்களும் தார்ப்பாயை உருட்டி, விரித்து, இழுத்தார்கள்.

"அந்த மூலையப் பிடிங்க அண்ணாச்சி, காத்துல பறக்கு" என்று அவள் கத்தினாள். ஓரங்களில் பழைய டயர்களைப் பாரம் வைத்தார்கள். தொப்பலாக நனைந்துபோய் ஷெட்டுக்கு ஓடினார்கள்.

தார்ப்பாய்க்குக் கீழே வேறு ஓர் உலகம். மங்கலான நீல வெளிச்சம். மேலே மழை கொட்டியது, கீழே அதன் சத்தம் மட்டும் இறங்கியது. அந்தச் சத்தத்தில் ஆடுகளத்துக்குக் கண் சொருகியது. தான் குளத்தின் அடியில் கிடந்த காலத்துக்கு அது போய்விட்டது.

"என் மேல் ஒரு கெண்டை மீன் வயிற்றை உரசிக்கொண்டு போகிறது" என்றது தூக்கத்தில்.

"போகட்டும், நீ தூங்கு" என்றது தார்ப்பாய்.

"அல்லித் தண்டு ஆடுகிறது."

"ஆடட்டும்."

தார்ப்பாய்க்கு நிறைவாக இருந்தது. ஆபத்துக்கு மட்டும்தான் அதைக் கூப்பிடுவார்கள். வானம் வெளுத்தால் சுருட்டி ஒதுக்கிவிடுவார்கள். ஓர் ஆட்டத்தைக்கூட அது ஒழுங்காகப் பார்த்ததில்லை. அதில் அதற்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு. இந்த ஒரு முறை வானம் வெளுக்காமலே இருந்தால் என்ன என்று நினைத்தது. நினைத்ததற்காக வெட்கமும் படவில்லை.

ஆனால் வானம் வெளுத்தது. காலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. தேங்கியிருந்த தண்ணீரைத் தள்ளிவிட்டு, பிரம்மசக்தி ஒரு டயரில் கை வைத்தாள்.

"எடுத்துருவமா அண்ணாச்சி?"

கொம்பையா மலையைப் பார்த்தார். அங்கே ஒரு துண்டு மேகம் கறுத்து நின்றது.

"இரி தாயி. மேக்க பாத்தியா, கறுத்துக் கெடக்கு. எடுத்த பொறவு ஊத்திச்சின்னா என்ன செய்ய?"

"வெயில் இந்தப் போடு போடுதே."

"இன்னும் கொஞ்ச நேரம் மூடிக் கெடக்கட்டும். எனக்கு நெஞ்சு படபடங்கு."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். தார்ப்பாய்க்கு அந்த மனுஷன் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

வெயில் ஏறியது. நீல வெளிச்சம் வெள்ளையாகிக் கூசியது. ஆடுகளம் தூக்கத்தில் புரண்டது.

"நனைகிறது" என்றது.

"கனவு. தூங்கு."

"கனவு இல்லை. உடம்பெல்லாம் நனைகிறது."

தார்ப்பாய் தொட்டுப் பார்த்தது. நிஜம்தான். ஆடுகளத்தின் மேல் ஈரம் பூத்திருந்தது. எங்கேயோ தனக்கு ஓட்டை விழுந்துவிட்டது, மழை உள்ளே வருகிறது என்று தார்ப்பாய் பதறியது. தன்னை இன்னும் இறுக்கி, மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொண்டது. ஈரம் கூடியது. தார்ப்பாய் இன்னும் இறுக்கியது. ஈரம் இன்னும் கூடியது. நேற்று வரை கெட்டியாக இருந்த மண், விரல் வைத்தால் அமுங்கும் பதத்துக்கு வந்துவிட்டது.

"யாராவது இந்த மழையை நிறுத்துங்களேன்" என்று கெஞ்சியது தார்ப்பாய்.

"எந்த மழையை?" என்றது ரோலர்.

"உள்ளே பெய்கிறதே, இதை."

"உன் முதுகைத் தொட்டுப் பார்."

தொட்டது. முதுகு காய்ந்து கொதித்தது.

"இப்போது வயிற்றைத் தொட்டுப் பார்."

வயிற்றில் முத்து முத்தாக நீர் நின்றது. தார்ப்பாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு முத்து கழன்று ஆடுகளத்தின் மேல் விழுந்தது.

"மழை உன்னிடமிருந்துதான் பெய்கிறது" என்றது ரோலர். "மண் என்றால் உள்ளே கொஞ்சம் ஈரம் இருக்கும். வெயில் வந்தால் அது ஆவியாகி மேலே போகப் பார்க்கும். நீ போக விடாமல் பிடித்துப் பிடித்து அதன் தலையிலேயே ஊற்றுகிறாய்."

"நான் அதைக் காப்பாற்றுகிறேன்."

"நேற்றுக் காப்பாற்றினாய். நான் இல்லை என்று சொல்லவில்லையே."

ரோலர் மெதுவாகப் பேசித் தார்ப்பாய் அன்றுதான் கேட்டது. திட்டியிருந்தால் தார்ப்பாய் சண்டைக்குப் போயிருக்கும். இப்போது அது குனிந்து பார்த்தது. கீழே ஆடுகளம் முனகிக்கொண்டு கிடந்தது. இன்னும் ஒரு முத்து விழுந்தது.

மலைப்பக்கமிருந்து காற்று வந்தது. காற்று வரும்போதெல்லாம் இறுக்கிப் பிடித்துப் பழகிய தன் ஓரத்தைத் தார்ப்பாய் அன்று விட்டுக்கொடுத்தது. காற்று உள்ளே புகுந்து அள்ளியது. மூலையிலிருந்த டயர் புரண்டு விழுந்தது.

மூலையை அமுக்க ஓடி வந்த பிரம்மசக்தி உள்ளே கையை விட்டாள். கை ஈரமாக வந்தது.

"அண்ணாச்சி, உள்ள வேர்த்து ஒழுகுது. இன்னும் வச்சிருந்தா கொழகொழன்னு போயிரும்."

கொம்பையாவும் ஓடி வந்து உள்ளே கையை விட்டார். கறுத்த மேகத்தை இன்னொரு தரம் பார்த்தார்.

"இழு தாயி" என்றார். "பயத்துல புத்தி மங்கிப் போச்சு எனக்கு."

தார்ப்பாய் நகரத் தொடங்கியது. வெளிச்சம் பட்டதும் ஆடுகளம் திடுக்கிட்டு விழித்தது.

"எங்கே போகிறாய்? நீயும் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?"

தார்ப்பாய்க்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. அழுகையும் வந்தது.

"வெயில் இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனது.

பிறகு வெயில் தன் வேலையைப் பார்த்தது. காற்றும் கொஞ்சம் பார்த்தது. மண் ஓரளவு இறுகியதும் ரோலர் ஏறி இறங்கியது, சத்தமே இல்லாமல். மதியம் நடுவர் வந்து குனிந்து கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். கொம்பையா அவர் விரலைப் பார்க்கத் தைரியமில்லாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நடுவர் நிமிர்ந்து, மட்டையாளர்களை வரச் சொல்லிக் கை காட்டினார்.

கயிற்றுக்கு அப்பால் சுருண்டு கிடந்த தார்ப்பாய்க்கு ஆட்டம் தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது. பந்து குத்தும் ஒவ்வொரு தடவையும் அதன் மடிப்புகள் நடுங்கின. கொம்பையா வந்து அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்து, மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேகந்தான் கலைஞ்சிட்டே. மேட்ச்சப் பாருங்க அண்ணாச்சி" என்றாள் பிரம்மசக்தி.

"பாக்கேன், பாக்கேன்" என்றார் அவர். பார்க்கவில்லை.

அப்போது ஒரு பந்து கயிற்றைத் தாண்டி உருண்டு வந்து தார்ப்பாயின் மேல் மோதி நின்றது.

"அங்கிருந்தா வருகிறாய்?" என்று கேட்டது தார்ப்பாய். "அதற்கு ரொம்ப வலிக்கிறதா?"

"அதற்கா?" என்றது பந்து. "என்னைக் கேளேன். குத்தின மாத்திரத்தில் ஆளுயரத்துக்குத் தூக்கி எறிகிறது. சிரிப்பு வேறு."

"என்னைப் பற்றி ஏதாவது கேட்டதா?"

"இல்லையே. அதற்கு எங்கே நேரம்?"

ஓர் ஆட்டக்காரர் ஓடி வந்து பந்தை எடுத்துப் போனார். அது கிடந்த மடிப்பில் துளி மண் உதிர்ந்து கிடந்தது. தார்ப்பாய் அதை மெல்லத் தடவிப் பார்த்தது.

மண் காய்ந்திருந்தது.