கல் வீட்டை இடித்த கரடி

ஒரு மலைக்காட்டில் பழைய கல்திட்டை ஒன்று இருந்தது. நான்கு பலகைக் கற்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்க, மேலே பெரிய மூடுகல். முன்கல்லில் வட்டமாக ஒரு துளை. எந்தக் காலத்து மனிதர்களோ தங்களில் செத்தவர்களுக்குக் கட்டிய வீடு அது. சுண்ணாம்பு இல்லை, ஆணி இல்லை. கல்லைக் கல் தாங்கியது, அவ்வளவுதான்.

அதற்குள் ஒரு கீரி இரண்டு குட்டிகளோடு குடியிருந்தது. குட்டிகள் மேல் ஒரு நரிக்குக் கண். ஆனால் அந்தத் துளைக்குள் நரியின் தலை நுழையவில்லை. வீட்டை இடிக்கவைக்க அது நேரே ஒரு கரடியிடம் போயிற்று.

"கரடி அண்ணே! அந்த ஓட்டையைப் பாத்தீங்களா? தேனீ போய் வர்ற வாசல்! இத்தனை பெரிய வீட்டுல எவ்வளவு தேன் இருக்கும்!"

ஒரு தேனீயாவது பறக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? பார்க்கவில்லை. தேன் என்றதுமே கரடி மூளையைக் கழற்றி வைத்துவிட்டது. கல்லின் அடியில் மண்ணைப் பறிக்கத் தொடங்கியது.

கீரி வெளியே பாய்ந்தது. "அடேய், இது செத்தவங்க வீடுடா! அடிமண்ணைப் பறிச்சா மொத்தமும் சரிஞ்சிரும்! உள்ளே என் பிள்ளைங்க இருக்கு!"

"செத்தவங்களுக்கு எதுக்கு வீடு? தேனை எடுத்துட்டுத் திரும்ப நிறுத்தி வைக்கிறேன், போ!" என்றது கரடி.

கீரி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வெளியே கொண்டுவந்தது. இரண்டாவது குட்டி வெளியே வந்ததும் கற்கள் சரிந்தன. மூடுகல் தடாலென்று விழுந்தது. புதரில் காத்திருந்து குட்டிகள் மேல் பாய்ந்த நரியின் மூக்கைக் கீரி கடித்துக் குதறியது. நரி ஊளையிட்டுக்கொண்டே ஓடியது.

கரடி இடிபாட்டைக் கிளறியது. கறுப்பும் சிவப்புமாக ஒரு பானை கிடைத்தது. "தேன் பானை!" என்று ஓங்கி உடைத்தது. உள்ளே சாம்பலும் சில எலும்புத் துண்டுகளும்தான் இருந்தன.

"நிறுத்தி வைக்கிறேன்னியே, வை!" என்று கீரி மயிர் சிலிர்க்கக் கத்தியது. "மழை வருது! என் பிள்ளைங்களை எங்கே வைப்பேன்? வைடா!"

கரடி தள்ளியது. கல் அசையவில்லை. யானையை அழைத்து வந்தது. யானை கற்களைத் தூக்கி நிறுத்தியது. விட்டதும் அவை மறுபடி சாய்ந்தன.

"எதை எதோட சேர்த்து நிறுத்தணும்னு தெரியலையே! கட்டினவங்களைத்தான் கேக்கணும்" என்றது யானை.

"கேளு! இதோ, அவங்க எலும்பு மேலதான் இந்தக் கரடி நிக்குது!" என்றது கீரி.

மறுபடி எழுப்பத் தெரியாத ஒன்றை இடிக்க எந்தப் பலசாலிக்கும் உரிமை கிடையாது.