மணலி போட்ட ஓலம்

கோரையேரிக் கரையில் மணலி என்றோர் ஆட்காட்டிப் பறவை இருந்தாள். அவள் இட்ட நான்கு முட்டைகளில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதுதான் அவள் மகள் பொட்டு.

மணலிக்கு ஒரு வித்தை தெரியும். எல்லா ஆட்காட்டித் தாய்களுக்கும் தெரிந்த வித்தைதான். எதிரி வந்தால் குஞ்சு இருக்கும் இடத்தை விட்டு எதிர்த்திசையில் ஓடுவாள். ஓர் இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு ஓலமிடுவாள். எதிரி அவள் பின்னாலேயே வருவான். குஞ்சு கூழாங்கற்களுக்கு நடுவே அசையாமல் கிடந்து தப்பித்துக்கொள்ளும்.

"அம்மா அந்த ஓலம் போட்டா நீ என்ன செய்யணும்?"

"கல்லாகணும்!"

"எதுவரைக்கும்?"

"நீ வந்து தொடுற வரைக்கும்!"

முட்டையை விட்டு வந்த அன்றைக்கே பொட்டு இதைப் படித்துவிட்டாள்.

அந்த ஏரிக்குக் காவல், தலையாரி நரியும் அவன் கூட்டமும். தெருநாய்களை விரட்டுகிறோம் என்று எப்போதோ வந்தவர்கள். நாய்கள் போய்விட்டன, நரிகள் போகவில்லை. யாராவது எதிர்த்துப் பேசினால், "ஒரு சின்ன விசாரணை, வா" என்று கருவேலம் புதருக்குப் பின்னால் கூட்டிப்போவார்கள். போனவர் எவரும் திரும்பியதில்லை. புதரைச் சுற்றி இறகுகள் கிடக்கும். பெரியவர்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகியிருந்தார்கள். மணலியும்தான்.

அந்தக் குளிர்காலத்தில் கருவன் என்ற இளம் நீர்க்காகத்தை விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். மேற்குமூலை மீனெல்லாம் நரிகளுக்கு மட்டும் ஏன் என்று அவன் கேட்டிருந்தான்.

கருவனோடு பறப்புப் பள்ளியில் படித்த, இன்னும் சரியாகப் பறக்க வராத இளசுகள் மறுநாள் பாடத்துக்குப் போகவில்லை. கரையில் வரிசையாக ஒற்றைக்காலில் நின்றார்கள்.

"கருவன் எங்கே? கருவன் எங்கே?"

"யாருப்பா அது கருவன்?" என்றான் தலையாரி நரி.

"உங்க மீசையில ஒட்டியிருக்கே, அது அவன் இறகுதான் ஐயா!" என்றான் மூக்கன் என்ற கூழைக்கடாக் குஞ்சு. இளசுகள் சிரித்தார்கள். நரி மீசையைத் துடைத்துக்கொண்டான். அவன் சிரிக்கவில்லை.

வடக்கிலிருந்து வந்திருந்த கிளுவை வாத்து ஒருத்தி அவர்களோடு நின்றாள். "எங்க ஏரியில யார் காவல்னு எல்லாரும் இறக்கை தூக்கித்தான் முடிவு பண்ணுவோம். யாரையாவது பிடிச்சா மறுநாளே எல்லார் முன்னாடியும் கொண்டுவந்து நிறுத்தணும்" என்றாள்.

"அதிர்ஷ்டக்காரங்க நீங்க!"

"அதிர்ஷ்டமா? அதுக்காக நின்ன என் அண்ணன் இப்ப இல்ல" என்றாள் கிளுவை.

அவளும் அவள் கூட்டமும் பக்கத்து ஏரிகளுக்கெல்லாம் சேதி கொண்டுபோனார்கள். ஒரே நாள் உச்சிப்பொழுதில் ஏழு ஏரிகளிலும் இளசுகள் நிற்பதென்று முடிவாயிற்று. கோரையேரி இளசுகள் அதுவரை நடு ஏரியில் இருந்த கோரைத் திட்டில் ஒளிந்துகொண்டார்கள். திட்டின் கரைப்பக்கம் முழுக்கக் காலை விழுங்கும் சேறு, மறுபக்கம் ஆழத் தண்ணீர். நடந்துபோக ஒரே ஒரு கெட்டித்தடம் உண்டு. அது பறவைகளுக்கு மட்டும்தான் தெரியும்.

மணலி மகளைப் போகவிடவில்லை.

"அடுத்தவங்க பிள்ளைக்காக நீ ஏண்டி நிக்கணும்?"

"என்கூடப் படிச்சவன்மா."

"எனக்கு நீ ஒண்ணே ஒண்ணு!"

"கருவனும் அவங்க அம்மாவுக்கு ஒண்ணே ஒண்ணுதாம்மா."

மணலி மகளைக் கரைமேல் இருந்த கல்மேட்டுக்கு இழுத்துப்போய்ப் படுக்கவைத்தாள். "நான் வர்ற வரைக்கும் தலையைத் தூக்கினே, அவ்வளவுதான்!"

அன்று மாலை தலையாரி நரி வந்தான். குரலில் தேன் ஒழுகியது. "மணலியம்மா, உங்க பொண்ணு நல்ல பொண்ணு. சேர்க்கைதான் சரியில்ல. மத்த பிள்ளைங்க எங்கேன்னு சொல்லுங்க. உங்க பொண்ணு பேரை நான் அப்பவே மறந்துடுறேன்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா."

"யோசிங்க. நாளைக்கு வர்றேன்."

மறுநாள்தான் ஏழு ஏரிகளிலும் நிற்க வேண்டிய நாள். காலையிலேயே ஆறு நரிகள் வந்தார்கள். மூக்கைத் தரையில் வைத்து மோந்துகொண்டே நேராகக் கல்மேட்டைப் பார்த்து நடந்தார்கள்.

மணலிக்கு யோசிக்க நேரமில்லை. இறக்கையைத் தொங்கவிட்டாள். ஓலமிட்டாள். கல்மேட்டுக்கு நேர் எதிர்த்திசையில் ஓடினாள். அந்தத் திசையில் கோரைத் திட்டு இருந்தது.

சேற்றின் விளிம்பில் ஒரு கணம் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். நரிகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார்கள். இங்கே நின்றுவிட்டால் கல்மேட்டுக்குத் திரும்பிவிடுவார்களோ? மணலி கெட்டித்தடத்தில் கால் வைத்தாள். இறக்கையை இழுத்தபடி, ஓலமிட்டபடி, தடம் நெடுக நடந்தாள். ஆறு நரிகளும் அவள் கால்பட்ட இடத்தில் கால் வைத்து வந்தார்கள்.

'நான் யாரையும் சொல்லலையே. இறக்கையைத்தானே இழுத்தேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். 'அந்தப் பிள்ளைகளுக்குப் பத்தடியில் ஆழத் தண்ணீர் இருக்கிறது. என் ஓலம் கேட்டதும் குதித்துவிடுவார்கள்.'

திட்டை எட்டியதும் விருட்டென்று பறந்துவிட்டாள். பின்னால் கோரை முறியும் சத்தம் கேட்டது. குதிக்கும் சத்தம் கேட்கவே இல்லை.

அவள் கல்மேட்டில் போய் இறங்கினாள். பொட்டு கிடந்த இடத்தில் ஒரு கல்லைத் தொட்டாள்.

"எழுந்திருடி கண்ணு. அம்மா வந்துட்டேன்."

அது கல்தான். பக்கத்துக் கல்லைத் தொட்டாள். அதுவும் கல். "அம்மா தொட்டுட்டேன் பாரு, எழுந்திரு! விளையாடாதே!" மேட்டிலிருந்த ஒவ்வொரு கல்லையும் தொட்டுப் பார்த்தாள். ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை.

கிளுவை வாத்து ரத்தம் ஒழுகும் சிறகோடு தத்தித்தத்தி வந்தாள். அவள் ஒருத்திதான் தப்பியிருந்தாள்.

"பொட்டு விடியறப்பவே திட்டுக்கு வந்துட்டாம்மா. உங்க ஓலம் கேட்டதும் எல்லாரும் தண்ணியில குதிக்கப் போனோம். அவதான் தடுத்தா. 'அது எங்கம்மா! எங்கம்மா அப்படிக் கத்தினா ஆபத்து அவ பின்னாடி தூரமாப் போகுதுன்னு அர்த்தம். யாரும் அசையாதீங்க, கல்லாகுங்க!' அப்படின்னா. எல்லாரும் அவளை நம்பினாங்க. மூக்கன்கூட அவ்வளவு பெரிய உடம்பைச் சுருக்கிக்கிட்டுப் படுத்தான். நரி வந்து நின்னப்பவும் அவ அசையல. நீங்க வந்து தொடணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா."

அந்த வழியாகத் தலையாரி நரி திரும்பிக்கொண்டிருந்தான். "ரொம்ப நன்றி மணலியம்மா! பாருங்க, கல்மேட்டுப் பக்கம் நாங்க எட்டிக்கூடப் பார்க்கல. சொன்ன சொல் தவறமாட்டோம்!"

உச்சிப்பொழுது வந்தது. ஆறு ஏரிகளில் இளசுகள் நின்றார்கள். ஏழாவதில் நிற்க யாரும் மிச்சமில்லை.

மணலி கரைக்கு இறங்கினாள். ஒற்றைக்காலில் நின்றாள். "பொட்டு எங்கே?" என்று கத்தினாள். வெகுநேரம் கழித்து மூக்கனின் தாய் வந்து, பத்தடி தள்ளி நின்றாள். மணலியை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. "மூக்கன் எங்கே?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்தவர் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு ஆபத்தைத் திருப்பிவிட்டுத் தன் பிள்ளையைக் காக்க நினைப்பவர், தன் பிள்ளையையும் சேர்த்தே பலிகொடுக்கிறார்.