ஸ்டியரிங்கைத் தொடாமல் போன வேன்

கோணமங்கலத்தில் அறிவுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. செலவழித்தால்தானே பஞ்சம் வரும்?

அந்த ஊர் மாடக்கண்ணுக்கு நிச்சயதார்த்தம். பஸ் டிப்போவில் வேலை. அன்றைக்கு லீவு போட்டிருந்தான். பெண்ணின் அப்பா தளவாய் கறாரான ஆள். "மாப்பிள்ளை குடிக்கக் கூடாது. பொழுது சாயுறதுக்குள்ள வந்து சேரணும். ரெண்டுல ஒண்ணு தப்பினாலும் பொண்ணு கிடையாது" என்று சொல்லிவிட்டார்.

மாடக்கண்ணுக்கு அந்தப் பெண்ணின் மேல் கொள்ளைப் பிரியம். அதனால் ஒரு சொட்டு தொடவில்லை. அவன் பங்கையும் சேர்த்துக் கூட்டாளிகள் குடித்தார்கள். வேன் ஓட்ட வந்த ஆனையப்பன், எதற்கும் விளக்கம் சொல்லும் சாத்தையா, அந்த விளக்கத்துக்குத் தலையாட்டும் கொம்பையா.

பாதி வழியில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வேனை மடக்கினார். ஆனையப்பனை ஊதச் சொன்னார். ஊதியதும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"குடிக்காதவன் எவனாவது இருக்கானா?"

மாடக்கண்ணு கை தூக்கினான். லைசென்ஸையும் எடுத்துக் காட்டினான்.

"அப்ப சரி. குடிச்சவன் எவனும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. தொட்டீங்க, உள்ள தள்ளிருவேன்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

மூவரும் ரோட்டோரம் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"ஸ்டியரிங்கைத் தொடாம எப்படில ஓட்டுறது?" என்றான் ஆனையப்பன்.

"மாட்டுக் கொம்பைத் தொட்டா வண்டி ஓட்டுதோம்? கயிறைத்தான புடிக்கோம்" என்றான் சாத்தையா.

கொம்பையா தலையாட்டினான். ஸ்டியரிங்கின் இரண்டு பக்கமும் துண்டு கட்ட வேண்டும் என்று முடிவானது. கட்டுவதற்கும் தொட வேண்டுமே? தொட அனுமதி உள்ளவன் மாப்பிள்ளை ஒருவன்தான். அவனே வந்து இறுக்கமாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, மாலை கசங்காமல் பின்சீட்டில் போய் உட்கார்ந்தான்.

ஆனையப்பன் டிரைவர் சீட்டில் கைகட்டி உட்கார்ந்தான். காலைப் பற்றி இன்ஸ்பெக்டர் எதுவும் சொல்லாததால் மிதிக்கும் வேலை அவனுக்கு. இடது துண்டு சாத்தையா கையில். வலது துண்டைப் பிடித்துக்கொண்டு கொம்பையா கதவுக்கு வெளியே தொங்கினான்.

வேன் கிளம்பியது. வளைவு போன பிறகு துண்டை இழுத்தார்கள். குறுக்கே வந்த ஆடு வீடு போய்ச் சேர்ந்த பிறகு ஆனையப்பன் பிரேக் போட்டான்.

"இப்படிப் போனா பொழுது சாஞ்சிரும்ல, எனக்குப் பொண்ணு கிடைக்காது" என்று பின்னாலிருந்து மாடக்கண்ணு அழாத குறையாகச் சொன்னான்.

சாத்தையா ஒரு டீக்கடை முன்னால் வேனை நிறுத்தச் சொன்னான். அது அடுத்த கடை முன்னால் நின்றது.

"பிராந்தி ஆளை மந்தமாக்கும். கடுங்காப்பி சுறுசுறுப்பாக்கும். ரெண்டும் உள்ள போனா ஒண்ணை ஒண்ணு அடிச்சு நேராயிரும். கணக்கு சரிதான?"

கணக்கு சரி என்று கொம்பையா தலையாட்டினான். கொதிக்கக் கொதிக்க ஆளுக்கு நாலு டம்ளர் ஊற்றிக்கொண்டார்கள்.

காப்பி தூக்கத்தை மட்டும்தான் அடித்தது. போதை இருந்த இடத்திலேயே இருந்தது. அதுவரை மெதுவாகவும் பயந்தும் தப்பாக ஓட்டியவர்கள், இப்போது வேகமாகவும் தைரியமாகவும் தப்பாக ஓட்டினார்கள்.

பெண் வீடு தெரிந்தது. பந்தல் வாசலில் இரண்டு வாழைமரம் கட்டியிருந்தார்கள்.

"நாலு மரம் நிக்குல!" என்றான் ஆனையப்பன்.

"எனக்கும் நாலுதான். பயப்படாத, நடுவுல விடு!" என்றான் சாத்தையா.

அன்றைக்கு அவர்கள் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். வேன் வாசலின் நட்டநடுவே நுழைந்தது. சனங்கள் நாலாபக்கமும் தெறித்து ஓடினார்கள். தாம்பூலத் தட்டுகளை நசுக்கிக்கொண்டு மேடையை முட்டி வேன் நின்றதும், பந்தல் நிதானமாக அதன்மேல் படுத்துக்கொண்டது.

பந்தல் துணியை விலக்கிக்கொண்டு தளவாய் வந்தார். வானத்தைப் பார்த்தார், வெயில் இருந்தது. மாப்பிள்ளையை ஊதச் சொன்னார், ஏலக்காய் வாசம் மட்டும்தான் வந்தது. பெண்ணைக் கொடுக்காமல் இருக்க ஒரு வழியும் இல்லை.

"மாப்பிள்ளை, நீங்க பஸ் டிரைவர். ஒரு சொட்டு குடிக்கல. இந்தப் பயலுவள விட்டுட்டு நீங்களே ஓட்டியிருக்கலாம்லா?"

மாடக்கண்ணுக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது.

"அது எப்படி மாமா? நான் இன்னைக்கு லீவுல்லா!"