போகாத மெயில்

எங்கள் சர்க்கரை ஆலை மேலாளர் தாண்டவராயன் ஒரு ரூல் போட்டிருந்தார். எந்தக் கம்ப்யூட்டர் கெட்டாலும், அதிலிருந்தேதான் புகார் மெயில் வரணும். கெடுத்தது யார் என்று அதில் எழுதணும். சேர்மன் வரைக்கும் எல்லாருக்கும் நகல் போகணும்.

ஒருநாள் மனுஷன் தன் லேப்டாப்பில் தானே விண்டோஸை மறுபடி ஏற்றினார். வைஃபை செத்தது. சேர்மனோடு வீடியோ மீட்டிங் வேறு.

கம்ப்யூட்டர் பிரிவில் தற்காலிகமாக இருந்த பொற்கொடியைக் கூப்பிட்டார். "மீட்டிங்குக்குள்ள நெட் வரலேன்னா, நாளைலேருந்து நீ வரவேண்டாம்!"

"வந்துடும் சார். நீங்க புகார் மெயில் மட்டும் இதிலேருந்து அனுப்பிடுங்க."

"நெட் இல்லாம எப்படிம்மா அனுப்புறது?"

"போன வாரம் நானும் அதையேதான் கேட்டேன் சார். ரூல்னா ரூல்னு சொன்னீங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினார்: 'கெடுத்தது நான்.' அனுப்பினார். மெயில் அவுட்பாக்ஸிலேயே நின்றது. போகாத மெயில்தானே என்று அவருக்கு ஒரு நிம்மதி.

பொற்கொடி தன் போனில், வைஃபையை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேரை இறக்கி, கேபிள் வழியே லேப்டாப்பில் ஏற்றினாள். வைஃபை வந்தது. ஆலை முழுக்க போன்கள் 'டிங் டிங்' என்றன.

மீட்டிங்கில் சேர்மன் கேட்ட முதல் கேள்வி: "என்னய்யா, கெடுத்தது நீங்கதானாமே?"