பந்தியில் எழாத ஒருவர்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்த முதல் நாள். அறுபத்தொரு நாள் கட்டிப்போட்ட அறுநூறு படகுகளும் துறைமுகத்தில் துடித்துக்கொண்டு நின்றன. சங்க அலுவலகத்தில் பத்து மணிக்கு டோக்கன் கொடுத்தால்தான் ஒரு கயிறாவது அவிழும்.

ஆனால் கணினியின் வட்டு தொண்ணூற்றெட்டு சதவீதம் நிறைந்து கிடந்தது. அறுநூறு படகின் பயணப் பதிவும் புதிதாக ஏறினால் தாங்காது.

கித்தேரியானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஐம்பத்தைந்து வயதில் படகை விற்றுவிட்டுத் தரவுத்தள வேலை கற்க வந்தவர். சொல்லித்தருகிற ஜெசிந்தாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. அவளை வாய்நிறைய டீச்சர் என்பார்.

"டீச்சர், பழைய பதிவு ரெண்டு கோடியை அழிச்சுட்டேன். அழிச்ச இடத்தைக் காலி பண்ணுத துப்புரவும் ரெண்டு தடவை ஓட்டியாச்சு. எடுக்க முடியலன்னே சொல்லுது. புது வட்டு வாங்கிருவோமா?"

"பந்தியில ஒருத்தர் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது இலை எடுப்பாங்களாண்ணே?"

"அதெப்படி? கடைசி ஆளு எந்திரிக்கணும்லா?"

"இதுவும் மரியாதை தெரிஞ்சதுதான். பழசை யாரோ இன்னும் பாத்துக்கிட்டு இருக்காங்க. யாருன்னு பாருங்க."

பதிவுகளை யார் யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியலை அவர் வரவழைத்தார். காலை ஆறு மணிக்குத் திறந்தது ஒன்று மூடப்படாமல் இருந்தது. பக்கத்தில் அவர் பெயர்தான்.

மனுஷனுக்கு முகம் சுண்டிவிட்டது.

"அழிக்கதுக்கு முன்னால நம்ம மிக்கேல் படகு போன தடத்தை ஒருக்கப் பாத்துக்கிடுவோம்னு..."

பக்கத்துத் திரையில் அந்த நீலக்கோடு இன்னும் இருந்தது. இருபது வருஷம் அவர் ஓட்டிய படகு.

"மூடினா திரும்ப வராதுல்லா?"

"வராதுண்ணே."

வெளியே ஒரு படகு ஹாரன் அடித்தது. அதைக் கேட்டு நூறு படகு அடித்தன. மணி ஒன்பது ஐம்பது. கித்தேரியான் கோட்டை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தார். மூடினார். துப்புரவை ஓட்டினார்.

"டீச்சர்! அம்புட்டும் எடுத்துட்டு! ரெண்டு கோடியும்!"

நாற்காலி உருண்டு விழ எழுந்தே விட்டார். அப்புறம்தான் வட்டின் அளவு கண்ணில் பட்டது.

"இன்னும் தொண்ணூத்தெட்டுன்னுதானே காட்டுது! ஒண்ணும் குறையலியே!"

ஜெசிந்தா டோக்கன் கவுண்டரைத் திறந்தாள்.

"பந்தி எந்திரிச்சா மண்டபத்தையா இடிப்பாங்க? உள்ள இடம் காலியாத்தான் இருக்கு. அடுத்தவங்களை உக்காரச் சொல்லுங்கண்ணே."