பூவலிங்கம் செய்த முப்பதாவது தேன்பெட்டி

முன்னொரு காலத்திலே, மந்திரவாதிகள் சந்தைக்கு நடந்தே போய்வந்த காலத்திலே, இலுப்பைநாடு என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அந்த நாட்டு அரண்மனைக்குக் கதவும் கட்டிலும் செய்கிற தச்சன் பெயர் பூவலிங்கம். அவன் இழைத்த பலகையில் எறும்பு நடந்தால் வழுக்கும். அப்பேர்ப்பட்ட வேலைக்காரன்.

ஒரு நாள் கோட்டைக் கதவுக்கு மரம் பார்க்கக் காட்டுக்குப் போனான். திரும்பி வந்தால் தெருவைக் காணோம்! முப்பது வீடு இருந்த இடத்தில் வெறும் பொட்டல். வீடு இல்லை, வாசல் இல்லை, அவன் மனைவி வேலம்மை இல்லை. நடுவில் நின்ற புளியமரத்தில் தேனீக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. மரத்தடியில் சடைமுடியோடு ஒரு மந்திரவாதி உட்கார்ந்திருந்தான்.

"சாமி, இங்கே ஒரு தெரு இருந்துச்சே, பாத்தீங்களா?"

"மேலே பாரு. தவம் பண்ண உக்காந்தேன். உன் தெருக்காரங்க ஓயாம இரைச்சல். இரையறதுதான் வேலைன்னா இதுவே போதும்னு தேனீயாக்கிட்டேன். வீடும் அதோட போச்சு."

பூவலிங்கம் காலில் விழுந்து கதறினான். மந்திரவாதிக்கே மனம் இளகிவிட்டது.

"கொடுத்த சாபத்தைத் திருப்பி வாங்க முடியாது. வழி சொல்றேன், கேளு. அவங்களுக்குத் தன் பேரு மறந்திருக்கும், உன் முகம் மறந்திருக்கும். குடியிருந்த வீடு மட்டும் மறக்காது. வீட்டுக்கு ஒரு தேனீ வந்து சொல்லும். சொன்னபடி பெட்டி செஞ்சு வை. தன் வீடுதான்னு வலது காலை வச்சு உள்ளே போனா மனுஷராயிடுவாங்க. மூணாம் பௌர்ணமி நிலா ஏறுறதுக்குள்ள முடிக்கணும். தவறினா தேனீ தேனீதான்."

"சாமி, தேனீக்கு வலது கால் மூணாச்சே. எந்தக் கால்?"

மந்திரவாதி விரல்விட்டு எண்ணினான். மறுபடி எண்ணினான். "தெரியலையே," என்று கண்ணை மூடிக்கொண்டான். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் நின்றான் பூவலிங்கம்.

பகலெல்லாம் ராஜாவின் கோட்டைக் கதவு. உச்சிவேளை ஓய்விலும், அந்தி மயங்கும்வரை கிடைக்கிற பொழுதிலும் தேன்பெட்டி. சாப்பாடும் படுக்கையும் பட்டறையிலேயே. முதல் தேனீ வந்து காதோரம் ரீங்கரித்தது.

"ஆசாரியாரே, என் வீட்டுக் கதவு கிறீச்சிடணும்."

ஒரு தச்சனிடம் கேட்கிற காரியமா இது? பல்லைக் கடித்துக்கொண்டு செய்தான். தேனீ தன் வீட்டுக் கூட்டத்தோடு உள்ளே போனது, பெட்டி வீடாக வளர்ந்தது, காவல்காரர் மருதப்பன் குடும்பத்தோடு வெளியே வந்தார். "பையன் கூத்துப் பாக்க நழுவுறது அந்தச் சத்தத்துலதானய்யா தெரியும்!"

இரண்டாவது தேனீ சுவரில் ஓட்டை கேட்டது. செய்தான். தயிர்க்காரி சிவகாமி வந்தாள். "பக்கத்து வீட்டு ரசத்துல பூண்டு போட்டாளா இல்லையான்னு தெரிய வேணாமா?" மூன்றாவது தேனீ கூரை ஒழுக வேண்டும் என்றது. ஏன் என்று கேட்க அவனுக்குத் தெம்பில்லை. செதுக்கிய தூணை ஒருவரும் கேட்கவில்லை, சித்திரக் கதவை ஒருவரும் கேட்கவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் நின்றான் பூவலிங்கம்.

இப்படியே இருபத்தொன்பது வீடு எழுந்தது. மூன்றாம் பௌர்ணமிக்குச் சில நாளே மிச்சம். மரத்தில் ஒரே ஒரு தேனீ.

"வேலம்மா!" என்று கூப்பிட்டான்.

"யாரு வேலம்மா?" என்றது தேனீ.

தன் கைவேலை அத்தனையும் காட்டி ஒரு பெட்டி செய்தான். கருங்காலியில் மயில், மயிலுக்குத் தோகை. தேனீ சுற்றிப் பார்த்தது. "அழகாத்தான் இருக்கு. ஆனா என் வீடு இல்லை."

"உன் வீட்டுல என்ன இருந்துச்சு?"

"தெரியலையே. உள்ளே நுழையுறப்போ ஏதோ நடக்கும்."

விளக்கு மாடம் வைத்து இரண்டாவது பெட்டி செய்தான். ஊஞ்சல் கட்டி மூன்றாவது பெட்டி செய்தான். "இல்லை ஆசாரியாரே. நுழையுறப்போ ஏதோ நடக்கணுமே!"

பௌர்ணமியும் வந்தது, வெயிலும் சாய்ந்தது. தெருவே கூடி ஆளுக்கொரு யோசனை கத்தியது. ஒருவர் கிழக்கு வாசல் என்றார், ஒருவர் மேற்கு என்றார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் இருந்த பூவலிங்கம் உளியை வீசிவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதான்.

அழுதவன் கண்ணில் அவன் வலது கால் கட்டைவிரல் பட்டது. ஏழு வருஷமாகக் கறுத்துக் கிடந்த நகம் உதிர்ந்து, புது நகம் வெளுப்பாக முளைத்திருந்தது. எப்படி ஆறியது? மூன்று மாதமாக எதிலும் இடித்துக்கொள்ளவில்லையே! எதில் இடித்துக்கொள்வான்? தன் வீட்டு வாசற்படியில்!

அவசரத்தில் வைத்த படி. இழைக்காத கட்டை, நாலு விரல் உயரம் அதிகம். "ஏங்க, ஊருக்கெல்லாம் இழைக்கிறீங்க, நம்ம படியை இழைக்கக்கூடாதா?" என்று வேலம்மை தினமும் கேட்பாள். "நாளைக்கு," என்பான் இவன். ஏழு வருஷத்து நாளைக்கு! அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஓடினான். கரடுமுரடான கட்டை ஒன்றை எடுத்து, இழைக்காமல், அளக்காமல், மயில் பெட்டியின் வாசலில் உயர்த்தி அடித்தான். அடிவானத்தில் நிலா விளிம்பு எட்டிப் பார்த்தது. தேனீ விர்ரென்று நுழைந்தது. மூன்று வலது காலும் ஒன்றாகப் படியில் இடித்தன.

"அய்யோ அம்மா!"

பெட்டி வீடானது. வாசலில் வேலம்மை கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றாள். "ஏங்க, இந்தப் படியை எப்பத்தான் இழைப்பீங்க?"

அவ்வளவு இனிமையான வசவை அவன் கேட்டதே இல்லை. அழுதான், சிரித்தான், அவள் விரலை ஊதிவிட்டான். விஷயத்தைக் கேள்விப்பட்ட ராஜா மூட்டை நிறையப் பொன் அனுப்பினார். மிஞ்சிய பெட்டிகளில் நிஜத் தேனீ குடியேறியது. அந்த மெழுகில் ஒரு உருண்டையைப் பூவலிங்கம் மந்திரவாதியின் காதுக்கு அடைப்பாகக் கொடுத்தான். "இது இருக்குன்னு முன்னமே சொல்லக்கூடாதா?" என்றான் மந்திரவாதி.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பூவலிங்கம் இழைப்புளியை எடுத்துக்கொண்டு வாசற்படியில் குனிந்தான். வேலம்மை ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"வேணாங்க, இருக்கட்டும். நாளைக்கு எவனாவது நம்மள மறுபடி தேனீயாக்கிட்டா, வீட்டுக்கு வழி தெரிய வேணாமா?"

தெரு முன்னைவிட இரைச்சலாக வாழ்ந்தது. அந்தப் படி இன்னும் அங்கேதான் இருக்கிறது. போகிறவர்கள் காலைப் பார்த்து வையுங்கள்.