எண்ணெயும் நீரும்

மருதங்குடிச் சீமையை ஆண்ட மழவராயருக்கு ஒரே பிள்ளை. அந்தக் குட்டி இளவரசனுக்கு உடம்பெல்லாம் சொறி. புங்கெண்ணெய் தடவினால் ஆறும்தான். ஆனால் எண்ணெய்க் கிண்ணத்தைக் கண்டாலே பயல் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வான். "பிசுபிசுன்னு இருக்கு! நாறுது!"

"தண்ணீரோடு கலந்து பால் மாதிரி ஆக்கிவிட்டால் பூசிக்கொள்வான், அரசே" என்றாள் பூவாயி. அவள் இளவரசனின் செவிலி. சபையில் ராஜாவையே வாயடைக்க வைக்கும் வாய்க்காரி.

அரண்மனை வைத்தியர் தன்வந்திரிதாசருக்குச் சுருக்கென்றது. மருந்து விஷயத்தில் இவளுக்கென்ன வேலை?

"பிசினும் முட்டையும் போட்டு ஒப்பேற்றுவாள், அரசே. எண்ணெய், நீர், இரண்டைத் தவிர வேறெதுவும் கூடாது. நாளை சபை கூடுவதற்குள் பிரிந்துவிட்டால் இவள் அரண்மனையை விட்டே போக வேண்டும்!"

"பிரியாவிட்டால்?" என்றாள் பூவாயி.

"நான் போகிறேன்!"

ராஜாவும் தலையாட்டிவிட்டார். பூவாயி தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். இந்த வாய் சும்மா கிடந்ததா? தூக்கி வளர்த்த பிள்ளையை விட்டுவிட்டு எங்கே போவாள்?

கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக் கலக்கு கலக்கென்று கலக்கினாள். கை ஓய்ந்ததுதான் மிச்சம். எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே. அலுத்துப்போய் வெற்றிலை போட உட்கார்ந்தாள். காயாமல் இருக்கச் சுண்ணாம்புக் கலயத்தில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாள். அது மேலே பளிங்காகத் தெளிந்து நின்றது.

"அட, இதுவும் நீர்தானே!"

தெளிவை மட்டும் இறுத்தாள். அதே அளவு புங்கெண்ணெயோடு சுரைக்குடுக்கையில் ஊற்றி வாயை இறுக அடைத்தாள். இளவரசன் கையில் கொடுத்தாள்.

"ராசா, புதுக் கிலுகிலுப்பை! ஆட்டு பார்க்கலாம்!"

பயல் சொறிவதை மறந்து சாயங்காலம் வரை ஆட்டித் தீர்த்தான்.

மறுநாள் சபையில் குடுக்கையைக் கவிழ்த்தாள். எருமைத்தயிர் போலக் கெட்டியாக வழிந்தது. ஒரு சொட்டு எண்ணெய்கூடத் தனியாக இல்லை. தான் ஆட்டிய மருந்தாயிற்றே! இளவரசன் ஓடி வந்து கையை நீட்டினான்.

வைத்தியர் தொட்டார், மோந்தார், குதித்தார். "சுண்ணாம்பு நீர்! அரசே, மோசடி!"

"ஏன், இளநீர் நீரில்லையா? பன்னீர் நீரில்லையா? எந்த நீர் என்று நீர் சொல்லவே இல்லையே, வைத்தியரே?"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வைத்தியரே, மூட்டையைக் கட்டும். பூவாயி, உனக்கு என்ன வேண்டும், கேள்!"

வைத்தியரின் முகம் சுண்டிப்போயிருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது.

"அவரை அனுப்பாதீர்கள், அரசே. அதுதான் எனக்குப் பரிசு. பிள்ளைக்குத் தினமும் பூச்சு வேண்டும். செக்கடியிலோ புங்கங்கொட்டை மலையாகக் குவிந்து கிடக்கிறது. செக்குமாடு வேறு நேற்றிலிருந்து படுத்துவிட்டது."

"அதற்கு?"

பூவாயி வைத்தியரைப் பார்த்துப் பணிவாகக் கைகூப்பினாள்.

"எண்ணெயும் நீரும் பிரியவே கூடாது, வைத்தியரே!"